வெயில் நிலத்தில் வாசமுள்ள ரோஜா: வாசகர் கேள்வி – பதில்

கோடை முடிந்து மழைக்காலம் நெருங்கும் இந்நாட்களில் நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ரோஜாவைப் பற்றியவையாகவே இருக்கின்றன. வாங்கிய செடி பட்டுப்போனது, பூத்த பூவில் வாசம் இல்லை, இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சி நிற்கிறது என்னும் மூன்று மனக்குறைகளே அவற்றில் மாறி மாறி வருகின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை ரோஜாவுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ரோஜா குளிர்ப் பிரதேசத்துச் செடி என்றும், காவிரிப் படுகையின் வெயிலிலும் புழுக்கத்திலும் அதை வளர்க்க நினைப்பது வீண் என்றும் நண்பர்கள் கூறுகிறார்கள். இது உண்மையா?
– தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பாதி உண்மை. காட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை குளிரும் மிதவெப்பமும் உள்ள வடநிலங்களுக்கு உரியவை என்பதும், அவற்றுள் பல ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் மொட்டுவிடும் என்பதும் சரியே. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரத்து அத்தருக்குப் புகழ் தேடித்தந்த டமாஸ்க் ரோஜா, குளிர் விலகும் பருவத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பூத்து ஓய்ந்துவிடும் வகையாகும். அதைக் கொண்டுவந்து தஞ்சையில் நட்டால் இலை தழைக்கும். பூவை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் இன்றைய தோட்ட ரோஜாக்களின் குடிவழியில் இன்னொரு கிளையும் உண்டு. சூடும் மழையும் மிகுந்த தென்சீனப் பகுதிகளிலிருந்து வந்த சீன ரோஜாக்களும் டீ ரோஜாக்களும் குளிர்காலத்தை எதிர்பார்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் தளிர்விட்டுப் பூக்கும் இயல்பு அவற்றின் பிறப்பிலேயே இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்கடுத்த சில பத்தாண்டுகளிலும் கப்பலேறி ஐரோப்பா சென்ற இச்செடிகளிலிருந்துதான் பிற்கால ரோஜாக்கள் அனைத்தும் திரும்பத் திரும்பப் பூக்கும் தன்மையைப் பெற்றன. இந்தியப் பெருங்கடலில், அக்காலத்தில் பூர்போன் என்று வழங்கப்பட்ட ரீயூனியன் தீவில், வயல்களுக்கு வேலியாக நடப்பட்டிருந்த சீன ரோஜாவும் ஒரு டமாஸ்க் ரோஜாவும் தாமாகவே கலந்து புதிய செடி ஒன்று தோன்றியது. 1819-ஆம் ஆண்டையொட்டி அதன் விதைகள் பிரான்சுக்குச் சென்றன. அங்கே பூர்போன் ரோஜா என்ற வகையே அதிலிருந்து பிறந்தது. டமாஸ்க்கின் மணத்தையும் சீன ரோஜாவின் ஓயாத பூப்பையும் ஒருசேரப் பெற்ற அந்தத் தீவுச் செடியைத்தான் நம் பூச்சந்தைகளில் எட்வர்ட் ரோஜா என்ற பெயரில் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். வெப்பமண்டலத் தீவொன்றில் பிறந்த செடி தஞ்சாவூர் வெயிலுக்கு அஞ்சுவதில்லை.

நம் நாட்டிலேயே காட்டு ரோஜாக்கள் உண்டு என்பதையும் உங்கள் நண்பர்களுக்குச் சொல்லலாம். நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் வெண்ணிறப் பூக்களோடு படரும் ரோசா லெஷெனோல்டியானா நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. வங்கத்தின் தாழ்ந்த நிலங்களில் வளரும் ரோசா கிளைனோபில்லா, மழைக்காலத்தில் வேர் நீரில் மூழ்கியிருந்தாலும் தாங்கி நிற்கும் அரிய வகை. ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப் பணி அதிகாரியான எம்.எஸ்.வீரராகவன், கொடைக்கானலில் பல பத்தாண்டுகள் உழைத்து, இந்தக் கிளைனோபில்லாவையும் மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜான்டியாவையும் தோட்ட ரோஜாக்களோடு கலந்து, வெப்ப நாடுகளுக்கேற்ற புதிய வகைகளை உருவாக்கினார். அவற்றுள் ஒன்று, கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஈ.கே.ஜானகி அம்மாளின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ரோஜாவை வெப்பத்துக்குப் பழக்குவதைவிட, வெப்பத்தை அறிந்த ரோஜாவைத் தேடுவதே சரியான வழி என்பதை அவருடைய பணி காட்டுகிறது. நம் ஊர் நர்சரிகள் இந்த வகைகளை இன்னும் பரவலாக எடுத்து வளர்க்காதது எனக்குப் பெரிய வருத்தம்.

கேள்வி: கடற்கரையிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டு ரோஜாத் தொட்டிகள் வைக்க விரும்புகிறேன். பூங்கொத்துக் கடையில் வாங்கும் ரோஜாக்களில் வாசமே இருப்பதில்லை. வாசமும் இருக்க வேண்டும்; செடியும் சென்னையில் பிழைக்க வேண்டும். எந்த வகைகளை வாங்கலாம்?
– சென்னை, பெசன்ட் நகரிலிருந்து ஒரு வாசகி

பதில்: முதலில், கடை ரோஜாவை உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஓசூர் வட்டாரத்தின் பசுமைக் குடில்களில் விளைந்து நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்லும் கொய்மலர் வகைகள், நீண்ட காம்பு, தடித்த இதழ், பெட்டிக்குள் பல நாள் வாடாமல் இருக்கும் தன்மை ஆகியவற்றுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை. அந்தத் தேர்வில் மணத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. கேட்பாரற்ற அந்தப் பண்பு மெல்ல மெல்ல நழுவிவிட்டது. 2015-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், மணம் மிகுந்த பாப்பா மெய்யான் என்ற ரோஜாவையும் மணம் குறைந்த ரூஜ் மெய்யான் என்ற ரோஜாவையும் ஒப்பிட்டு, ரோஜா மணத்தின் முக்கியக் கூறாகிய ஜெரானியால் உருவாவதற்கு இதழ்களில் உள்ள ஒரு நொதி இன்றியமையாதது என்று கண்டறிந்தார்கள். அந்த நொதியை உண்டாக்கும் மரபணு செயல்படாமல் அடங்கிக் கிடக்கும் செடிக்கு நீங்கள் எந்த உரத்தை இட்டாலும் மணம் வராது. ஆகவே மணத்தைப் பொறுத்தவரை செடியை வாங்கும் அன்றே பாதி முடிவாகிவிடுகிறது.

ஏழெட்டுத் தொட்டிகளில் மூன்றையாவது எட்வர்ட் ரோஜாவுக்கும் பன்னீர் ரோஜா என்று விற்கப்படும் இளஞ்சிவப்பு நாட்டு ரோஜாவுக்கும் ஒதுக்குங்கள். இந்த இரண்டு பெயர்களையும் நர்சரிகளில் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்வது வழக்கம். அதைப் பற்றிக் கவலைப்படாமல், காலை நேரத்தில் சென்று, விரிந்த பூவை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். பூ சிறிது; இரண்டே நாளில் இதழ் உதிர்ந்துவிடும்; ஆனால் கொத்துக் கொத்தாகப் பூத்துக்கொண்டே இருக்கும். அடர்சிவப்பில் மணமும் நோய் தாங்கும் வலிமையும் சேர்ந்து வேண்டுமானால் குரூஸ் ஆன் டெப்லிட்ஸ் என்ற பழைய வகையைத் தேடுங்கள். 1897-இல் வெளியான இந்த ரோஜாவின் உடம்பில் சீன ரோஜாவின் இரத்தம் மிகுதி. வட இந்தியாவில் உதிரிப்பூவுக்காகவும் வாசனைப் பொருள்களுக்காகவும் இதைப் பயிரிடுகிறார்கள்.

பெரிய பூ பூக்கும் ஒட்டு ரோஜாக்களில் 1964-இல் வெளிவந்த மிஸ்டர் லிங்கன், ஓக்லஹோமா ஆகிய இரண்டு சிவப்பு வகைகளும் வெயிலைத் தாங்கும், மணமும் ஆழமானது. மேலே சொன்ன பாப்பா மெய்யானும் இவ்விரண்டும் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவை. இருந்தும் பாப்பா மெய்யானைக் கடலோரத்தில் வைக்க நான் சொல்லமாட்டேன். பூஞ்சண நோய்களுக்கு அது எளிதில் இரையாகும். 1977-இல் வந்த டபுள் டிலைட், பாலேடு போன்ற வெண்மையின் விளிம்பில் சிவப்பு ஏறும் அழகான பூ. அந்தச் சிவப்பு சூரிய ஒளி பட்டால்தான் ஏறும் என்பதால் வெயில் மாடிக்குப் பொருத்தமானதும்கூட. மணமும் காரசாரமாக இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் இலைகளைக் கண்காணிக்க வேண்டும். இளஞ்சிவப்பில், டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மிருணாளினியை வைக்கலாம். இந்தியத் தட்பவெப்பத்திலேயே தெரிந்தெடுக்கப்பட்ட வகை அது.

மஞ்சள் ரோஜா வேண்டுமென்று மனம் கேட்டால் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான காரணத்தைக் கடலூர் வாசகருக்கான பதிலில் காண்பீர்கள்.

கேள்வி: நர்சரியில் பூவும் மொட்டுமாக இருக்கும் ரோஜாச் செடியை வாங்கிவந்து நட்டால், இரண்டு மாதத்துக்குள் கிளைகள் நுனியிலிருந்து கறுத்துக் காய்ந்து முழுச்செடியும் பட்டுவிடுகிறது. தண்ணீரும் தவறாமல் ஊற்றுகிறேன். என்ன காரணம்?
– திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு வாசகி

பதில்: பெரும்பாலும் காரணம் வேர்ப் பக்கத்தில் இருக்கிறது. ஓசூர், பெங்களூரு வட்டாரத்திலிருந்தும் ஆந்திரத்தின் கடியம் நர்சரிகளிலிருந்தும் நம் ஊருக்கு வரும் செடிகள், வழியில் வேர் காயாமல் இருப்பதற்காக இறுகிய களிமண் உருண்டையோடு அனுப்பப்படுகின்றன. பையைக் கிழித்து அந்த உருண்டையை அப்படியே தொட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் பொலபொலப்பான மண்ணை நிரப்பினால், ஊற்றும் நீர் தளர்ந்த மண்ணின் வழியாக இறங்கி ஓடிவிடும். நடுவில் உள்ள உருண்டையோ ஒருமுறை காய்ந்தால் செங்கல்லாக இறுகும், ஒருமுறை ஊறினால் நாட்கணக்கில் சேறாகவே இருக்கும். வேர் அதற்குள்ளேயே மூச்சுத்திணறும்.

ஆகவே வாங்கிவந்த செடியை உடனே மாற்ற வேண்டாம். ஒருவாரம் முதல் பத்துநாள் வரை காலை வெயில் மட்டும் படும் இடத்தில் பையோடு வைத்து, பூக்களையும் மொட்டுகளையும் கிள்ளிவிடுங்கள். பூவோடு வந்த செடியில் பூவைக் கிள்ள மனம் வராது என்பதை அறிவேன். ஆனால் வேர் இல்லாத செடி பூவைத் தாங்கினால் அந்தப் பூவே அதன் கடைசிப் பூவாகிவிடும். பிறகு, உருண்டையை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, விரல்களால் வெளிப்புறக் களிமண்ணை மட்டும் மெதுவாகக் கரைத்துவிடுங்கள். வெள்ளை வேர்கள் அறுபடாமல் இருப்பதே முக்கியம். உருண்டை முழுவதையும் கழுவ முயல வேண்டாம்.

தொட்டி 12 முதல் 14 அங்குல அகலமாவது இருக்கட்டும். செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, ஆற்றுமணலோ கழுவிய தென்னைநார்க் கழிவோ ஒரு பங்கு, இவற்றோடு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்ற கலவை நம் சமவெளிக்குப் போதும். தென்னைநார்க் கழிவைக் கழுவாமல் பயன்படுத்தினால் அதில் உள்ள உப்பே வேரை வாட்டும். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரியும்படி நட வேண்டும். குளிர்நாட்டு நூல்களில் அதைப் புதைக்கச் சொல்வது உறைபனியிலிருந்து காப்பதற்காகத்தான், நமக்கு அது பொருந்தாது.

நுனியிலிருந்து கறுப்பது நுனிக்கருகல் என்னும் பூஞ்சண நோய். காய்ந்த இடத்துக்குக் கீழே, உட்தண்டு வெண்பச்சையாகத் தெரியும் வரை வெட்டி, வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் பூஞ்சண மருந்தைக் குழைத்துத் தடவுங்கள். கத்தரியை ஒவ்வொரு செடிக்குப் பிறகும் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கியதும் ரோஜா இலைகளில் கரும்புள்ளிகள் தோன்றி, இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகின்றன. மருந்து அடித்தும் நிற்கவில்லை. மஞ்சள் ரோஜாவில்தான் அதிகம்.
– கடலூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நீங்கள் கவனித்தது மிகச் சரி. இது கரும்புள்ளி நோய். இதன் பூஞ்சண வித்து இலைக்குள் நுழைவதற்கு இலையின் மேல் ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஈரம் தொடர்ந்து நிற்க வேண்டும். அடைமழை நாட்களில் அது தானாகவே நேர்கிறது; மற்ற நாட்களில் மாலையில் இலை நனையத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தால் நாமே அதை நேரச் செய்கிறோம். ஆகவே காலையில், இலை நனையாமல், அடிமண்ணில் மட்டும் நீர் ஊற்றுவது எந்த மருந்தையும்விட வலிய தடுப்பு.

மஞ்சள் ரோஜா ஏன் முதலில் விழுகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பாரசீகம் சார்ந்த வறண்ட நிலங்களின் மஞ்சள் ரோஜா ஒன்றை பிரான்சு நாட்டு ரோஜா வளர்ப்பாளர் பெர்னே-துஷே தம் கலப்புகளில் சேர்த்து, 1900-இல் சொலேய் தோர் என்ற ரோஜாவை வெளியிட்டார். இன்றைய பளிச்சென்ற மஞ்சளும் செம்மஞ்சளும் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. மழையறியா நிலத்தில் வளர்ந்த அந்த மூதாதைக்குக் கரும்புள்ளியை எதிர்க்கும் ஆற்றல் தேவைப்படவில்லை. நிறத்தோடு சேர்ந்து அந்தக் குறையும் சந்ததிக்கு வந்துவிட்டது. கடலூர் போன்ற ஈரக் கடலோரத்தில் மஞ்சள் வகையை வளர்ப்பவர் அதற்கென்று தனிக் கவனம் ஒதுக்கத்தான் வேண்டும்.

செய்ய வேண்டியவை: செப்டம்பரிலேயே, மழைக்கு முன்பாக, செடியின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் மெல்லிய குச்சிகளை வெட்டிக் காற்றோட்டம் உண்டாக்குங்கள். தரையை ஒட்டிய முதல் அரையடி உயரத்தில் இலைகள் இல்லாமல் பார்த்துக்கொண்டால், மண்ணிலிருந்து மழைத்துளி தெறித்து நோய் ஏறுவது குறையும். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். மருந்தைப் பொறுத்தவரை, மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் என்ற அளவில் மழைக்கு முன்பே தெளிக்கத் தொடங்க வேண்டும். அது இலைமேல் படிந்து காக்கும் மருந்து. இலைக்குள் நுழைந்துவிட்ட நோயை அது வெளியேற்றாது. புள்ளிகள் பரவிய பிறகு அடித்ததால்தான் உங்களுக்குப் பலன் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். கார்பென்டசிம் லிட்டருக்கு 1 கிராம் என்று இடையிடையே மாற்றித் தெளிக்கலாம்; ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்தால் நோய் அதற்குப் பழகிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டு ரோசாக்களின் இளம் இலைகள் வெளிறிய மஞ்சளாக வருகின்றன, நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. மாட்டெரு நிறையப் போட்டும் மாற்றமில்லை. பூச்சாடிகளில் வைத்தவற்றுக்கு இலை ஓரம் கருகுகிறது. கிணற்று நீர்தான் ஊற்றுகிறோம்.
– யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: இரண்டு தனித்தனிக் குறைகள் இவை. முதலாவதற்கு மூலம் உங்கள் நிலத்தடியில் உள்ள சுண்ணாம்புக்கல், இரண்டாவதற்குக் கிணற்று நீரின் உப்பு. நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும், அதுவும் புதிய இலைகளில், மஞ்சளாவது இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. ரோஜா விரும்பும் கார அமிலநிலை 6-க்கும் 6.5-க்கும் இடைப்பட்டது, சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் கடின நீரிலும் அது 7.5-ஐயும் தாண்டும்போது, இரும்பு வேரால் எடுத்துக்கொள்ள முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. பழைய இலைகள் முதலில் முழுமையாக மஞ்சளாகியிருந்தால் அது தழைச்சத்துக் குறை. அதற்கு மாட்டெரு உதவியிருக்கும். உங்களுடையது அதுவல்ல.

உடனடி நிவாரணமாக, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் இரும்பு சல்பேட்டும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலையில் இளம் இலைகள்மேல் பத்துநாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளியுங்கள். கரைசலை அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். சுவரிலும் தரையிலும் பட்டால் துருக்கறை படியும். நிலையான தீர்வுக்கு, மண்ணில் மக்கிய இலையுரத்தையும் சிறிதளவு தூள் கந்தகத்தையும் கலந்து பல மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். சாம்பல், சுண்ணாம்பு, முட்டை ஓடு மூன்றையும் உங்கள் ரோஜாக்களின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பலர் நல்லெண்ணத்தோடு சொல்லும் இந்தப் பொருள்கள் உங்கள் மண்ணில் குறையைக் கூட்டும்.

இலை ஓரம் கருகுவது உப்பால். ரோஜா உப்பைத் தாங்காத செடிகளில் ஒன்று. சாடியில் ஊற்றும் நீர் ஆவியாகி உப்பு மட்டும் நாள்தோறும் சேர்கிறது. மாதம் ஒருமுறை, சாடியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுவதும் வடியவிடுங்கள். மாரி மழையைத் தொட்டியில் சேமித்து, அதை ரோஜாவுக்கென்றே வைத்துக்கொள்ள முடிந்தால் அதற்கு இணையான மருந்து வேறில்லை. மண்ணெண்ணெய்த் தகரமோ இரும்பு வாளியோ வேண்டாம், பிளாஸ்டிக் பீப்பாயே போதும்.

கேள்வி: தை, மாசியில் கைநிறையப் பெரிதாகப் பூக்கும் ரோஜா, சித்திரை, வைகாசியில் நாணயம் அளவுக்குச் சிறுத்து, நிறம் வெளுத்து, வாசமும் இல்லாமல் போகிறது. உரம் கூட்டலாமா? கவாத்து எப்போது செய்வது?
– விருதுநகரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உரத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். ரோஜாவுக்கு இதமான வெப்பம் 15 முதல் 28 பாகை செல்சியஸ் வரை. அதைத் தாண்டி 38, 40 என்று ஏறும்போது, செடி பகலில் தயாரிக்கும் மாவுச்சத்தின் பெரும்பங்கை இரவிலும் தணியாத சூட்டில் சுவாசித்தே செலவழித்துவிடுகிறது. மொட்டு பல வாரங்கள் பொறுத்துப் பருக்க வேண்டியது, சில நாட்களிலேயே அவசரமாக விரிகிறது. அதனால் இதழ் எண்ணிக்கையும் அளவும் குறைகின்றன. சிவப்பு நிறமிகள் வெப்பத்தில் குறைவாகவே உருவாகின்றன. மணம் என்பது காற்றில் ஆவியாகும் எண்ணெய்களால் ஆனது என்பதால், விருதுநகரின் காலை ஒன்பது மணி வெயிலுக்குள் அது பறந்துவிடுகிறது. கோடையில் ரோஜாவை முகர வேண்டுமானால் விடியற்காலையில் தோட்டத்துக்குச் செல்லுங்கள். வாசனை எண்ணெய்க்குப் பூப்பறிப்பவர்களும் அந்த நேரத்தில்தான் பறிக்கிறார்கள்.

குளிர்நாட்டு ரோஜா பனிக்காலத்தில் உறங்குகிறது. நம் ரோஜாவுக்கு ஓய்வுக்காலம் கோடை. இதை ஏற்றுக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும். பங்குனி இறுதியிலிருந்து அக்கினி நட்சத்திரம் கழியும் வரை, தோன்றும் மொட்டுகளைப் பட்டாணி அளவிலேயே கிள்ளிவிடுங்கள், இலைகளைத் தொடாதீர்கள். வேதியியல் உரத்தை நிறுத்திவிட்டு, மண்மேல் மூன்று அங்குலத் தடிமனில் காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகப் போடுங்கள். பகல் பன்னிரண்டுக்குப் பிறகு நிழல் விழும் கிழக்குப் பக்கமே ரோஜாவுக்கு ஏற்ற இடம். அது இல்லையெனில் முப்பது விழுக்காட்டு நிழல்வலை கட்டலாம். ஐம்பது விழுக்காட்டு வலை வேண்டாம், பூ நின்றுவிடும். தொட்டிகளை மொட்டைமாடித் தரையில் நேராக வைத்தால் வேரே வெந்துவிடும். செங்கல்மேல் உயர்த்தி, ஒன்றின் நிழல் மற்றொன்றின் பக்கத்தில் விழும்படி நெருக்கி வையுங்கள்.

இந்தப் பருவத்தில் இலையின் அடியில் நுண்ணிய வலையும் மேற்புறத்தில் வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் அது சிவப்புச் சிலந்தி. அதிகாலையில் குழாய் நீரை இலையின் அடிப்புறத்தில் வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பெருமளவு கட்டுப்படும். கடலூர் வாசகருக்கு இலையை நனைக்காதீர்கள் என்று சொன்னது மழைக்கால ஈரத்துக்கு. உங்கள் ஊர்க் கோடைக் காற்றில் இலை ஒருமணி நேரத்துக்குள் உலர்ந்துவிடும் என்பதால் இங்கே அந்த அச்சம் தேவையில்லை. மொட்டு விரியாமல் இதழோரம் பழுப்பேறினால் இலைப்பேன். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சில துளி சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள்.

கவாத்துக்கு உங்கள் மாவட்டம் போன்ற வறண்ட பகுதிகளில் அக்டோபர் மாதம் ஏற்றது. சென்னை, கடலூர்க் கடலோரத்தில் பெருமழை ஓயும் டிசம்பர் நடுப்பகுதி வரை காத்திருப்பது நல்லது. மழையில் நனையும் வெட்டுவாய் நுனிக்கருகலை வரவேற்கும். வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ 45 நாளில் முதல் பூ வரும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். காய்ந்ததும் மெலிந்ததும் நோயுற்றதுமான கிளைகளை அடியோடு நீக்கி, நல்ல கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் குறையுங்கள். வெளிநோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். முழங்காலுக்குக் கீழே மொட்டையாக வெட்டுவது உறைபனி நாட்டு வழக்கம். நம் வெயிலில் நிழலிழந்த தண்டு வெடித்துப்போகும். கவாத்து முடிந்ததும் மக்கிய எருவும் கடலைப் புண்ணாக்கும் இடுங்கள். அதுதான் உரம் கூட்ட வேண்டிய நேரம்.

கேள்வி: இங்கே வெயில் தொல்லை இல்லை. ஆனால் ரோஜாத் தளிர்களிலும் மொட்டுக் காம்புகளிலும் வெள்ளை மாவு தூவியதுபோல் படிந்து இலை சுருள்கிறது.
– குன்னூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: சாம்பல் நோய். வறண்ட பகலும் ஈரப்பதம் மிகுந்த குளிர் இரவும் மாறி மாறி வரும் மலைப்பகுதிகளில் இது இயல்பாகத் தோன்றும். கரும்புள்ளி நோய்க்கு நேர்மாறாக, இதற்கு இலைமேல் நீர் நிற்கத் தேவையில்லை. தழைச்சத்து மிகுந்த உரம் இட்டால் மெல்லிய தளிர்கள் பெருகி நோயும் பெருகும். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் என்று தெளித்தால் உங்கள் ஊரில் நல்ல பலன் தரும். இதைப் படிக்கும் சமவெளி வாசகர்கள் வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாட்களில் கந்தகத்தைத் தொட வேண்டாம், இலை கருகிவிடும்.

உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பும் இருக்கிறது. உதகையில் 1995-இல் தொடங்கப்பட்ட அரசு ரோஜாப் பூங்கா உங்களுக்கு அருகில்தான். புதிய செடி வாங்குவதற்கு முன்பு ஒருமுறை சென்று, எந்த வகையின் இலைகள் மாவின்றிப் பளபளப்பாக இருக்கின்றன என்று பார்த்துப் பெயர்ப்பலகையைக் குறித்துக்கொள்ளுங்கள். பூவை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் இலையைப் பாருங்கள். தடித்த, பளபளப்பான இலையுள்ள வகைகள் பொதுவாக இந்த நோயைத் தாங்கும்.

கேள்வி: நான்கு ஆண்டுகளாகச் சிவப்பாகப் பூத்த செடி, இப்போது மிக வேகமாக உயர்ந்து வளர்கிறது, ஆனால் பூக்கவே இல்லை. முள்ளும் குறைந்துவிட்டது.
– கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நீங்கள் வாங்கிய சிவப்பு ரோஜா ஒடுங்கி, அது ஒட்டப்பட்டிருந்த வேர்ச்செடி மேலோங்கிவிட்டது. நர்சரிகளில் வேர்ச்செடியாகப் பரவலாகப் பயன்படும் மல்டிபுளோரா ரோஜாவின் தளிர்கள் வெளிர்பச்சையாக, முள் குறைந்து நீளும். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுச்செடி, ஐந்து இருந்தால் நல்லது என்ற கணக்கை நம்பி வெட்ட வேண்டாம். நல்ல ரோஜாக்களிலும் ஏழு சிற்றிலைகள் வருவதுண்டு. இலைக்காம்பின் அடியில் உள்ள சிறிய செதில் சீப்புப்பல்லாகக் கிழிந்திருந்தால் அது மல்டிபுளோரா. மண்ணைத் தோண்டி, தளிர் ஒட்டு முடிச்சுக்குக் கீழிருந்து புறப்படுவதை உறுதிசெய்துகொண்டு, தோன்றிய இடத்திலிருந்தே பிய்த்தெடுங்கள். மேலோடு வெட்டினால் ஒன்று நான்காகும். ஒட்டு முடிச்சுக்கு மேலே பச்சையான தண்டு ஒன்றேனும் எஞ்சியிருந்தால் பழைய செடி மீண்டுவிடும்.

கேள்வி: வீட்டுப் பன்னீர் ரோஜாவில் குல்கந்து செய்யலாமா? செடிக்கு மருந்து அடித்திருக்கிறோம்.
– சேலத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: மருந்து அடித்த செடியின் பூவில் செய்யக் கூடாது. பூச்செடிகளுக்கென்று விற்கப்படும் பல மருந்துகள் உண்ணும் பொருளில் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டவை அல்ல. இலை வழியாகச் செடிக்குள் ஊடுருவும் வகைகள் கழுவினாலும் போகாது. கடைகளில் கிடைக்கும் உதிரி ரோஜாவையும் இதே காரணத்தால் தவிர்க்க வேண்டும். உண்பதற்கென்று ஓர் எட்வர்ட் ரோஜாச் செடியைத் தனியே, மற்றவற்றுக்குத் தெளிக்கும்போது சாரல் படாத இடத்தில் வைத்து, அதற்கு வேப்பம் புண்ணாக்கையும் தண்ணீர் பீய்ச்சுவதையும் தவிர வேறெதுவும் செய்யாமல் வளர்த்துவாருங்கள். நோய் தாங்கும் செடி என்பதால் அது முடியும். விடியற்காலையில் பறித்த இதழ்களைக் கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, இதழும் கற்கண்டுத் தூளும் சம எடையில் மாற்றி மாற்றிக் கண்ணாடிச் சாடியில் அடுக்கி, மெல்லிய துணியால் வாய்கட்டி, மூன்று நான்கு வாரங்கள் வெயிலில் வையுங்கள். உலர்ந்த மரக்கரண்டியால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும்.